பழைய ஃபோர்டு எஃப்-100க்கு பின்னாடி அகல டயர் போட லீஃப் ஸ்ப்ரிங்கை உள்ள தள்ளுறது எப்படி

1967லேர்ந்து 72 வரைக்கும் வந்த ஃபோர்டு எஃப்-100, பக்கவாட்டுல நீளமா ஒரு கோடு எழும்பி ஓடுறதால பம்ப்சைடுனு கூப்பிடுவாங்களே, அந்த ட்ரக்கை பத்திதான் எழுதுறேன். பின்னாடி நல்லா அகலமா டயர் உக்காந்தா அந்த வண்டிக்கு வர்ற கம்பீரமே வேற, அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா நிறைய பேர் செய்றது என்னன்னா முதல்ல ஆசைப்பட்ட டயரையும் வீலையும் வாங்கி கராஜ்ல அடுக்கிட்டு அப்புறம்தான் வண்டிக்கு கீழ போய் பாக்குறாங்க, மாட்டிப் பாத்தா உள் பக்கம் லீஃப்ல உரசுது, ஒரு ஸ்பேசர் போட்டு வெளிய தள்ளினா ஃபெண்டர், அதாவது மட்கார்டு ஓரத்துல உரசுது, அவ்ளோதான் மாட்டிக்கிட்டாங்க. டேப்பை எடுத்து அளந்துட்டு அப்புறம் டயர் வாங்குங்க, வரிசை இதுதான்.

வேற வண்டி வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. 1973லேர்ந்து 87 வரைக்கும் வந்த செவி சி10 ஸ்கொயர்பாடிக்கும் பின்னாடி லீஃப்தான், அதனால இங்க சொல்றதுல முக்கால்வாசி அதுக்கும் பொருந்தும், அளவு மட்டும் உங்க வண்டியில எடுத்துக்கங்க. 67லேர்ந்து 72 வரைக்கும் உள்ள சி10னா பெரும்பாலும் காயில் ஸ்ப்ரிங்கும் ட்ரெய்லிங் ஆர்மும் இருக்கும், ஆக்சிலை பக்கவாட்டுல பிடிக்கிறது ஒரு குட்டி பேன்ஹார்ட் பார், அது முழுக்க வேற வேலை, இந்த முறை அதுக்கு ஆகாது.

இடம் எங்க முடியுதுனு முதல்ல பாருங்க

எஃப்-100ல லீஃப் கட்டு, நம்ம ஊர் லாரிப் பட்டறையில பட்டைனு சொல்வாங்களே அதுதான், ஃப்ரேமுக்கு வெளிப்பக்கமா தொங்குது. டயரோட உள் பக்கத்துக்கு அந்த லீஃப்தான் எல்லை, வெளிப்பக்கத்துக்கு ஃபெண்டரோட உள்ள மடிஞ்ச ஓரம் எல்லை, மேல பெட்டுக்குள்ள, அதாவது சரக்கு ஏத்துற தொட்டிக்குள்ள, சக்கரத்தை மூடி நிக்குற வீல் ஹவுஸ் எல்லை. அப்போ இருந்த டயர் ஒல்லி, அதுக்கு ஏத்த மாதிரிதான் இந்த மூணையும் வச்சிருக்காங்க.

டயர் அகலம் 235 மில்லிமீட்டர்லேர்ந்து 255க்கு மட்டும் போகணும்னா சஸ்பென்ஷன்ல கையே வைக்காதீங்க, சரியான பேக்ஸ்பேஸ் உள்ள வீல் வாங்கினாலே பல வண்டியில வேலை முடிஞ்சிடும். பேக்ஸ்பேஸ்னா வீலை குப்புற போட்டு உள் ஓரத்து மேல ஒரு நேர் கட்டையை வச்சு, அங்கேர்ந்து ஹப்ல உக்கார்ற முகம் வரைக்கும் அளக்குற ஆழம். இதுல எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு, 10 இன்ச் வீல்னா டயரோட பீட், அதாவது ரிம்மை கவ்வுற விளிம்பு, உக்கார்ற ரெண்டு இடத்துக்கும் இடையில 10 இன்ச், ஓரத்துலேர்ந்து ஓரம் அளந்தா கிட்டத்தட்ட 11 வரும், அதனால 10 இன்ச் வீலுக்கு சரிபாதி பேக்ஸ்பேஸ் 5 இல்ல, 5.5. எஃப்-100க்கு போல்ட் பேட்டர்ன் 5 போல்ட், 5.5 இன்ச் வட்டம், ஸ்கொயர்பாடி சி10க்கு 5 போல்ட் 5 இன்ச், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

அளவு எடுக்குறது

இதுக்கு ஒரு முழு சனிக்கிழமையை ஒதுக்குங்க, அவசரப்படவே கூடாது. வண்டி சமதள காங்க்ரீட்ல நிக்கணும், பெட் மேல இருக்கணும், வண்டியோட எடை சக்கரத்துல இருக்கணும். முதல் வேலை பெட் ஃப்ரேமுக்கு நடுவுல உக்காந்திருக்கானு பாக்குறது, ஏன்னா ஐம்பது வருஷத்துல எத்தனை பேர் அந்த பெட்டை கழட்டி மாட்டினாங்களோ தெரியாது, என்னோடது இடது பக்கமா கால் இன்ச்சுக்கு மேல தள்ளி இருந்துச்சு. பெட் போல்ட்டை லூஸ் பண்ணி நடுவுக்கு கொண்டு வந்து டைட் பண்ணிட்டு அப்புறமா அளங்க, இல்லேன்னா எடுக்குற எல்லா அளவும் பொய்.

அப்புறம் கொத்தனார் வச்சிருக்குற தூக்குக் குண்டு மாதிரி ஒண்ணு எடுத்துக்கங்க. ஃபெண்டர் உள் ஓரத்துலேர்ந்து நூலை விட்டு தரையில மார்க் பண்ணுங்க, ரெண்டு பக்கமும். ஃப்ரேம் வெளிச்சுவர், லீஃபோட வெளி ஓரம், உள் ஓரம், வீல் மாட்டுற பிரேக் ட்ரம் முகம், எல்லாத்தையும் இப்படி தரைக்கு இறக்கிட்டா அளக்குறது சுலபம், வண்டிக்கு கீழ படுத்துக்கிட்டு டேப்பை வளைச்சு அளந்தா எப்பவும் தப்பு வரும்.

ஒரு கணக்கு போட்டு காட்டுறேன், இது உதாரணத்துக்கு வச்ச எண், உங்க வண்டி அளவு கிடையாது. ஃபெண்டர் ஓரத்துலேர்ந்து எதிர் ஓரம் 68 இன்ச்னு வைங்க. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இன்ச் விட்டா டயர் வெளிமுகத்துலேர்ந்து வெளிமுகம் 66, அதாவது வண்டி நடுவுலேர்ந்து 33. 295/50ஆர்15 டயர் 295 மில்லிமீட்டர் அகலம், 11.6 இன்ச். 33ல 11.6 போனா டயரோட உள்முகம் நடுவுலேர்ந்து 21.4ல நிக்கும். கவனிச்சீங்களா, இதுவரைக்கும் ஆக்சில் அகலம் கணக்குலயே வரல, வீல் பேக்ஸ்பேஸும் வரல. டயர் எங்க நிக்கணும்ங்கிறதை ஃபெண்டர்தான் முடிவு பண்ணுது, ஆக்சிலும் வீலும் அந்த இடத்துக்கு டயரை கொண்டு போய் நிறுத்துற சாமான், அவ்ளோதான். இது புரிஞ்சிட்டா மீதி எல்லாம் சுலபம்.

இப்போ உள் பக்கம். 21.4ல ஒரு இன்ச் இடைவெளி விட்டா 20.4. இங்கதான் நான் முதல் தடவை தப்பு பண்ணேன், 20.4ஐ லீஃபோட வெளி ஓரம்னு எடுத்துக்கிட்டேன். ஆனா லீஃப்க்கு வெளிப்பக்கம், அதை ஆக்சிலோட கட்டிப் பிடிக்கிற யூ போல்ட் இருக்கு, அந்த கம்பியே அரை இன்ச் தடி, மாட்டி ஓட்டினப்புறம் ஒரு வளைவுல சர்ர்னு சத்தம், இறங்கி பாத்தா டயர் உள்சுவர்ல வட்டமா ஒரு கோடு. புது டயர், மனசு அப்படியே வலிச்சுது. அதனால லீஃபோட வெளி ஓரம் 19.9ல இருக்கணும். லீஃப் அகலம் 2.25னா உள் ஓரம் 17.65ல வரும். ஃப்ரேம் வெளி அகலம் 34னு வைங்க, பாதி 17, அப்போ மிச்சம் 0.65, அதுல உள்பக்க யூ போல்ட் அரை இன்ச் எடுத்துக்கும், கடைசியா ஃப்ரேமுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல 0.15 இன்ச். இது ஆகவே ஆகாது, லீஃப் முனையில இருக்குற ரப்பர் புஷ் கொஞ்சம் நெளிஞ்சாலே இரும்பும் இரும்பும் முட்டும்.

இதே இடத்துல 275/60ஆர்15 போட்டா என்ன ஆகுது பாருங்க. அகலம் 10.8, உள்முகம் 22.2, இடைவெளியும் போல்ட்டும் போக லீஃப் வெளி ஓரம் 20.7, உள் ஓரம் 18.45, கடைசியா ஃப்ரேம்கிட்ட கிட்டத்தட்ட ஒரு இன்ச் மிஞ்சும். ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு 275தான் சரின்னு நான் அடிச்சு சொல்றதுக்கு காரணமே இதுதான், பாக்க ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனா வேலை பாதியா குறையுது, பெட்டுலயும் கம்மியாதான் வெட்டணும். உயரமும் பழைய டயர்கிட்ட இருக்கும், 235/75ஆர்15 கிட்டத்தட்ட 28.9 இன்ச் உயரம், 275/60 28 இன்ச், ஆனா 295/50 வெறும் 26.6தான், அதைப் போட்டா நிஜமா 60 மைல் போறப்போ ஸ்பீடோமீட்டர் 65 காட்டும், சக்கரம் கூண்டுக்குள்ள சின்னதாவும் தெரியும்.

லீஃப் உள்ள போனா வண்டி சாயும்

இதை யாரும் முன்னாடியே சொல்றதில்ல, அதான் தனியா சொல்றேன். ரெண்டு லீஃபுக்கும் நடுவுல உள்ள தூரம் குறைஞ்சா வளைவுல வண்டி சாயுறதை தடுக்குற பலமும் குறையும், அதுவும் தூரத்தோட வர்க்கக் கணக்குல குறையும். நடுவுலேர்ந்து நடு 42 இன்ச் இருந்ததை 39க்கு கொண்டு வந்தா ஏறக்குறைய 14 சதவீதம் போச்சு, 37.5ன்னா 20 சதவீதம், லீஃபை ஃப்ரேமுக்கு நேர் கீழயே கொண்டு போய் 32 ஆக்கிட்டா 42 சதவீதம் போயிடும். ட்ராக்ல நேரா மட்டும் ஓடுற வண்டிக்கு அது பரவாயில்ல, குடும்பத்தோட ஹைவேல போற வண்டிக்கு அப்படி செஞ்சா பின்னாடி ஒரு ஆன்டி ரோல் பார் கட்டாயம் போடணும். தேவைக்கு மேல ஒரு கால் இன்ச் கூட உள்ள தள்ளாதீங்க.

ஃப்ரேமுக்கு கீழதான் கொண்டு போகணும்னா இன்னொரு சிக்கலும் இருக்கு. எஃப்-100 ரெண்டு வீல் ட்ரைவ்ல லீஃப் ஆக்சில் மேல உக்காந்திருக்கு. பக்கத்துல இருந்தவரைக்கும் பள்ளத்துல இறங்கினா லீஃப் ஃப்ரேம் பக்கமா மேல போயிடும், ஒண்ணும் ஆகாது, கீழ வந்துட்டா யூ போல்ட் மேல் தகடு நேரா ஃப்ரேம் அடியில இடிக்கும். எடையோட நிக்கும்போது குறைஞ்சது 3 இன்ச்சாவது மேல போக இடம் இருக்கணும், இல்லேன்னா ஆக்சிலை லீஃப் மேல மாத்திட்டு ஆக்சில் மேல ஏற இடம் கிடைக்க ஃப்ரேம் அடியில சி நாட்ச்னு ஒரு வளைவு வெட்டி பலப்படுத்தணும். அது தனிக்கதை, முதல் தடவை செய்றவங்க அந்தப் பக்கம் போகாதீங்கனுதான் சொல்வேன்.

ஹேங்கர் கழட்டுறதும் மாத்துறதும்

ஹேங்கர்னா லீஃபோட முனையை ஃப்ரேம்ல பிடிச்சு வைக்கிற பிராக்கெட், பின்னாடி அதுக்கும் லீஃபுக்கும் நடுவுல ஆடுற இணைப்புதான் ஷேக்கிள். வண்டியை ஃப்ரேம்ல ஜாக் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்க, ஆக்சிலுக்கு தனியா ஒரு ஃப்ளோர் ஜாக்கி. ஜாக்கி மேல மட்டும் நிக்கிற வண்டிக்கு கீழ ஒருபோதும் போகாதீங்க. எதையும் வெட்டுறதுக்கு முன்னாடி ஃப்ரேமை ஒரு சுத்தியலால தட்டிக்கிட்டே வாங்க, நான் இருக்குற ஒஹாயோ மாதிரி குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடுற ஊர் வண்டின்னா பின் ஷேக்கிள் ஹேங்கர் பக்கத்துல துரு தின்னிருக்கும், டங்குனு கேக்காம பொத்துனு கேட்டா முதல்ல ஃப்ரேமை சரி பண்ணுங்க, அகல டயர் அப்புறம்.

ஹேங்கர் எல்லாம் ரிவிட் அடிச்சிருக்கும். கிரைண்டர்ல தலையை சீவி, நடுவுல பஞ்ச் வச்சு, ட்ரில் போட்டு, அப்புறம் பஞ்ச்சால தட்டி வெளிய தள்ளுங்க. கட்டிங் டார்ச் வேண்டாம், ஃப்ரேம் ஓட்டை கெட்டுப்போகும். பழைய ரிவிட் ஓட்டையில திரும்ப மாட்டுறதுக்கு கிரேட் 8 போல்ட், இறுக்கமா பொருந்துற சைஸ். புது ஓட்டை போடணும்னா ஃப்ரேமோட நிக்கிற சுவர்ல போடுங்க, மேல் கீழ் மடிப்புல போடாதீங்க, பாரம் தாங்கும்போது அந்த மடிப்புலதான் அழுத்தமும் இழுவையும் அதிகம், விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும்.

முன் ஹேங்கரை பின் ஹேங்கர் மாதிரி நினைக்காதீங்க. பின்னாடி இருக்குறது ஷேக்கிள், அது ஆடத்தான் செய்யும், எடையை தாங்கும். முன் கண்ணு, அதாவது லீஃப் முனையில போல்ட் போற வளையம், அசையாதது, இன்ஜின் தள்ளுற தள்ளும் பிரேக் பிடிக்கிற இழுவையும் முழுசா அது வழியாதான் ஃப்ரேமுக்கு போகுது. அதனால முன் ஹேங்கர் உக்கார்ற இடத்துல சி வடிவ ஃப்ரேமோட திறந்த பக்கத்தை ஒரு தகடு வச்சு மூடி பெட்டி மாதிரி ஆக்கிடுங்க, ஹேங்கரை அந்த பலத்து மேல மாட்டுங்க. அகல டயர்னா பிடிப்பு ஜாஸ்தி, பிடிப்பு ஜாஸ்தின்னா அந்த ஹேங்கருக்கு அடியும் ஜாஸ்தி, முன்ன தாங்கின மாதிரியே தாங்கும்னு விட்டுடக் கூடாது.

ரெண்டு முன் ஹேங்கரையும் க்ளாம்ப்ல பிடிச்சுட்டு குறுக்கு அளவு எடுங்க. ஃப்ரேம்ல முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குற ஃபேக்டரி ஓட்டையை குறியா வச்சு, இடது ஓட்டையிலேர்ந்து வலது ஹேங்கர், வலது ஓட்டையிலேர்ந்து இடது ஹேங்கர், ரெண்டும் ஒண்ணா வரணும், இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு வித்தியாசத்துக்குள்ள இருக்கணும். இல்லேன்னா வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமா ஓடும். முன் பின் கண்ணோட உயரமும் பழைய உயரத்துலயே இருக்கட்டும், புது ஹேங்கர் கண்ணை எவ்ளோ கீழ இறக்குதோ அவ்ளோ வண்டி பின்னாடி தூக்கும், முன்னாடி பின்னாடி வித்தியாசமா இறங்கினா பினியன், அதாவது ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற ஆக்சில் மூக்கு, அதோட கோணமும் மாறிடும்.

ஆக்சில்

எஃப்-100ல பெரும்பாலும் ஃபோர்டு 9 இன்ச் ஆக்சில் இருக்கும், 9 இன்ச்ங்கிறது உள்ள இருக்குற பெரிய கியரோட விட்டம், 1957ல வந்த டிசைன், அருமையான சாமான். உங்க கணக்குல ஆக்சிலை குறுக்கணுமானு பாருங்க, பேக்ஸ்பேஸ் அதிகமான வீலாலேயே டயர் சரியான இடத்துக்கு வந்துட்டா குறுக்கவே வேண்டாம். குறுக்கணும்னா அது வீட்டு வேலை கிடையாது, ஆக்சிலோட வெளிக்கூடான ஹவுசிங் நேரா இருக்க நடுவுல அலைன்மென்ட் பார் விட்டு வெல்ட் பண்ற ஷாப்லதான் கொடுக்கணும், ஷாஃப்ட்டும் வெட்டி முனையில புதுசா ஸ்ப்லைன் பல் போடணும் இல்ல புதுசே வாங்கணும், வாங்குறப்போ 28 ஸ்ப்லைனா 31ஆனு எண்ணிட்டு போங்க.

ஒரு எச்சரிக்கை, 9 இன்ச்ல பினியன் சரியா நடுவுல இருக்காது, பாசெஞ்சர் பக்கம், அதாவது வண்டியோட வலது பக்கம் தள்ளி இருக்கும். அந்த பெரிய உருண்டையை நடுவுனு நினைச்சு அங்கேர்ந்து அளந்தீங்கன்னா ஆக்சில் ஒரு பக்கம் துருத்திக்கிட்டு நிக்கும். எப்பவும் ரெண்டு ட்ரம் முகத்துக்கும் நடுவுலதான் நடு.

இப்போ பெர்ச். லீஃப் உக்கார்ற அந்த தொட்டிலை பழைய இடத்துலேர்ந்து கிரைண்டர்ல மெதுவா வெட்டி எடுங்க, ட்யூபை கீறிடாதீங்க. ரெண்டு புது பெர்ச்சை ஆக்சில் மேல வச்சு, அது மேல லீஃபை உக்கார வச்சு, யூ போல்ட்டை கையால டைட் பண்ணி, வண்டி எடை முழுசும் லீஃப் மேல இறங்கினதுக்கு அப்புறம் கோணம் பாருங்க. தொங்கிட்டு இருக்கும்போது பாத்த கோணத்துக்கு மதிப்பே இல்ல. கியர்பாக்ஸ் பின்முனை எந்த கோணத்துல கீழ பாக்குதோ பினியன் அதே கோணத்துல மேல பாக்குறதுதான் அடிப்படை, ஆனா லீஃப் வண்டியில ஆக்சிலரேட்டர் மிதிச்சா லீஃப் முறுக்கிட்டு பினியன் மூக்கு மேல எழும்பும், அதனால நிக்கும்போது அந்த கோணத்துலேர்ந்து ஒரு 2 டிகிரி மூக்கு கீழ இருக்குற மாதிரி வைங்க. ஒவ்வொரு கிராஸ் ஜாயின்ட்டும் வேலை செய்யுற கோணம் 3 டிகிரிக்குள்ள இருக்கட்டும், ஒரேயடியா பூஜ்யமும் கூடாது, அரை டிகிரியாவது இருந்தாதான் உள்ள இருக்குற ஊசி பேரிங் உருளும்.

கோணம் சரியானா நாலு இடத்துல பொட்டு பொட்டா டாக் வெல்ட் மட்டும் வைங்க, ஆக்சிலை கழட்டி வெளிய எடுங்க, ஷாஃப்ட், சீல், பேரிங், நடு டிஃபரன்ஷியல் எல்லாத்தையும் எடுத்துட்டு அப்புறம் முழு வெல்ட். ஒரு இன்ச் இந்தப் பக்கம், ஒரு இன்ச் அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி போட்டு ஆற விடுங்க, தண்ணி ஊத்தி ஆத்தாதீங்க. என் முதல் ஹவுசிங்கை ஒரு ஷாப்ல கொடுத்தப்போ ஒரே மூச்சுல சுத்தி அடிச்சுட்டாங்க, ட்யூப் வாழைப்பழம் மாதிரி லேசா வளைஞ்சு போச்சு, வருஷத்துக்குள்ள ரெண்டு வீல் பேரிங் போச்சு, டயரும் உள் ஓரம் மட்டும் தேய்ஞ்சுது. நேர் கட்டையால பாத்தா கண்ணுக்கே தெரியாத வளைவு அது. இந்த ஒரு வேலையில மட்டும் பொறுமை இல்லாதவங்களை நம்பாதீங்க.

மீதி சாமான்

ஷாக் அப்சார்பர் கீழ் மவுண்ட் லீஃபோட சேந்து உள்ள வரும், மேல் மவுண்ட் பழைய இடத்துலயே இருந்தா ஷாக் சாஞ்சு நிக்கும், அதையும் தள்ளணும். ஆக்சில் ஃப்ரேம்ல இடிக்காம தடுக்குற ரப்பர் பம்ப் ஸ்டாப்பையும் ஆக்சிலோட தொடுற இடத்துக்கு நேரா மாத்துங்க. பிரேக் ஹோஸ் நீளம், ஹேண்ட் பிரேக் கேபிள் ரெண்டும் பாருங்க, டயர் உள்ள வந்துட்டதால கேபிள் இப்போ டயர் பக்கத்துல ஓடும். சைலன்சர் பைப்பும் லீஃப் பக்கத்துல போயிட்டு இருந்திருக்கும், அதுக்கு புது வழி கண்டுபிடிங்க. இந்த வருஷத்து எஃப்-100ல பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு பின்னாடி கேபின்ல இருக்குறதால கீழ அது ஒண்ணு இடைஞ்சல் இல்ல.

பெட்டுல வீல் ஹவுஸை உள் பக்கமா அகலப்படுத்தணும். உள்சுவரை வெட்டி எடுத்து, தேவையான அகலத்துக்கு ஒரு தகடு பட்டையை நடுவுல சேத்து திரும்ப வெல்ட் பண்றதுதான் வழக்கம், பழைய வளைவு அப்படியே இருக்குறதால பாக்க ஃபேக்டரி மாதிரியே வரும். ஆனா 4 அடி ப்ளைவுட் இனிமே தரையில படுக்காது, வீல் ஹவுஸ் மேலதான் வைக்கணும். பெட்டை வேலைக்கு பயன்படுத்துறவங்க வெட்டுறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்கங்க, வெட்டினா வெட்டினதுதான்.

மாட்டும்போது யூ போல்ட் புதுசு வாங்குங்க, ஒரு தடவை இறுக்கி நீண்டது திரும்ப அதே பிடி பிடிக்காது. லீஃபோட சென்டர் போல்ட் தலை பெர்ச் ஓட்டையில சரியா இறங்கி இருக்கானு விரலால தொட்டு பாருங்க, அதுதான் ஆக்சில் முன்ன பின்ன நகராம பிடிக்கிறது. லீஃப் கண்ணு போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் வண்டி தரையில எடையோட நின்னதுக்கு அப்புறம்தான் முழுசா டைட் பண்ணணும், ரப்பர் புஷ்ஷை தொங்கும்போது இறுக்கிட்டா அது முறுக்கின நிலையிலயே நின்னு சீக்கிரம் கிழிஞ்சுடும்.

ஓட்டுறதுக்கு முன்னாடி டயர் உள்சுவர், லீஃப், யூ போல்ட், ஃபெண்டர் ஓரம் எல்லாத்துலயும் சாக்பீஸ் தடவுங்க. ஒரு பக்க சக்கரத்தை மட்டும் ஜாக்கியால தூக்கி பம்ப் ஸ்டாப் தொடுற வரைக்கும் கொண்டு போய் பாருங்க, ரெண்டும் சேந்து மேல போறப்போ உரசாதது ஒரு பக்கம் மட்டும் ஏறினா உரசும். அப்புறம் பெட்டுல ஒரு 500 பவுண்ட் மணல் மூட்டை போட்டு, ட்ரைவ்வே மேட்டுல கோணலா ஏத்தி இறக்கி, ரெண்டு பக்கமும் நல்லா வளைச்சு ஓட்டிட்டு வந்து சாக்பீஸ் எங்க அழிஞ்சிருக்குனு பாருங்க. ஃபெண்டர் ஓரத்துல மட்டும் அழிஞ்சிருந்தா அந்த மடிப்பை மேல மடக்கி விடலாம், லீஃப் பக்கமோ யூ போல்ட் பக்கமோ அழிஞ்சிருந்தா அன்னைக்கு வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க. 100 மைல் ஓடினதும் யூ போல்ட் எல்லாத்துலயும் டார்க் ரென்ச் வைங்க, ஏறக்குறைய எல்லா வண்டியிலயும் முதல் தடவை கொஞ்சமாவது இறங்கியிருக்கும், 500 மைல்ல இன்னொரு தடவை, அப்போ ஹேங்கர் போல்ட்டையும் சேத்து.